யூரித்தின் கொடி

யூரித்துக்கு முப்பத்தெட்டு வயது. கொங்ஸ்பெர்க் ஊர்க்காரி. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கொடி ஆட்டுறேன்" என்பாள். கேட்டவர் சிரிப்பார், அவள் சிரிக்க மாட்டாள்.

பனிக்குன்றின் பக்கவாட்டில் பயிற்சியாளர்களுக்கென்று ஒரு மேடை உண்டு. உச்சியில், சறுக்குப் பாதையின் தலைப்பில், ஒற்றைக் கட்டையின்மேல், சறுக்கி வந்து அந்தரத்தில் பறப்பதற்காகக் காலில் பலகைகளை மாட்டிக்கொண்டு, தாண்டுகிறவன் உட்கார்ந்திருப்பான். பச்சை விளக்கு எரிந்தாலும் அவன் கண் விளக்கில் இருக்காது. மேடையில் தன் நாட்டுக் கொடியைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஆள்மேல்தான் இருக்கும். கொடி இறங்கினால் கட்டையை விட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பிய பிறகு நிற்க முடியாது. விளக்கு சிவப்பாவதற்குள் கிளம்பாவிட்டால் போட்டியிலிருந்து வெளியே. அந்தச் சில மூச்சு நேரத்துக்குள் வருவது நல்ல காற்றா, கெட்ட காற்றா என்று பார்த்துக் கையை இறக்குவதுதான் யூரித்தின் பிழைப்பு.

காற்றை அவள் எங்கே படித்தாள் என்றால், அதே குன்றுகளில்தான். சின்ன வயதில் ஊர்ப் பையன்களைவிட நன்றாகத் தாண்டுவாள். ஆனால் பெண் பிள்ளைகளின் உடம்பு இதற்குத் தாங்காது என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருந்த காலம் அது. அதனால் போட்டியில் இடமில்லை. பையன்கள் தாண்டுவதற்கு முன்னால் பாதை சரியாக இருக்கிறதா, காற்று ஆளைத் தூக்கி அடிக்கிறதா என்று பார்ப்பதற்கு அவளைத்தான் முதலில் அனுப்புவார்கள். போட்டிக்கு ஆகாத உடம்பு பலி கொடுக்க மட்டும் ஆகுமாம்! என்ன நியாயமோ, அந்த மவராசன்களுக்குத்தான் வெளிச்சம். இப்போது பெண்களுக்கும் உலகக் கோப்பை வந்துவிட்டது. வந்தபோது யூரித்துக்கு வயது தாண்டிவிட்டது.

அவள் புருஷன் எஸ்கில், முப்பத்து நாலு வயது. பதினைந்து வருடமாகத் தேசிய அணியின் ஓரத்திலேயே தொங்கிக்கொண்டிருப்பவன். அவன் ஆட்டம் இரட்டை ஆட்டம். காலையில் குன்றிலிருந்து தாண்ட வேண்டும், மதியம் பனியில் பத்துக் கிலோமீட்டர் சறுக்கி ஓட வேண்டும். காலையில் அதிக தூரம் பறந்தவன் மதியம் முதலில் கிளம்புவான். குறைவாகப் பறந்தவன், குறைந்த புள்ளிக்கு ஏற்றபடி கோட்டுக்குப் பின்னாலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தாண்டுவதற்கு இறகு மாதிரி இருக்க வேண்டும், ஓடுவதற்கு எருது மாதிரி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே உடம்பில் எப்படி அமையும்? எஸ்கில் எருது ஜாதி. ஓட்டத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் உலகப் போட்டிக்கு ஒருதடவைகூடப் போனதில்லை. இந்தக் குளிர்காலத்தில் அதற்குப் போகும் அணியில் ஓர் இடம் காலி. ஜனவரி கடைசியில் ஸீஃபெல்ட் போட்டி முடிந்ததும் யாருக்கு என்று சொல்வதாகத் தலைமைப் பயிற்சியாளர் ப்ருன்யார் சொல்லியிருந்தான். எஸ்கிலுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இதற்கு நடுவில்தான் வெட்லெ விஷயம். போன மார்ச்சில் நடந்தது. வெட்லெ அணியின் இளைய ஆட்டக்காரன். அவன் கட்டையில் இருந்தபோது, தூரம் பறக்க உதவும் எதிர்க்காற்று அருமையாக வந்தது. யூரித் கொடியை இறக்கினாள். அவன் அந்தரத்தில் இருக்கும்போது பக்கத்திலிருந்து ஒரு சுழல் வந்து இடது பலகையின் மூக்கைப் பிடித்துத் திருப்பியது. விழுந்தான். முழங்கால் போனது, கழுத்தெலும்பும் போனது. யார்மீதும் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வெட்லெயே ஊன்றுகோலோடு வந்து, "நீ என்னக்கா பண்ணுவ, காத்து உன் வீட்டு நாயா, சொன்னா கேக்குறதுக்கு" என்று கேலி பேசிவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நவம்பர் கடைசியில் ரூகாவில் பருவம் தொடங்கியது. எஸ்கில் கட்டையில் வந்து உட்கார்ந்ததும் யூரித்தின் கை மேலேயே நின்றுவிட்டது. எதிர்க்காற்று வந்தது. உள்ளங்கையால் தாங்குவது மாதிரி ஆளைத் தூக்கிக் கொண்டுபோகும் காற்று. வெட்லெயைத் தூக்கியதும் அதுதான். அவள் இறக்கவில்லை. அது போய், பின்னாலிருந்து முதுகை அழுத்தும் மந்தக் காற்று வந்தது. அதில் யாரும் விழுவதில்லை, யாரும் தூரம் போவதுமில்லை. விளக்கு சிவப்பாகப் போகும் நேரத்தில் கையை இறக்கினாள். எஸ்கில் பத்திரமாக, கிட்டத்திலேயே வந்து இறங்கினான். ஓட்டத்தில் உயிரைக் கொடுத்து ஓடியும் இருபத்தெட்டாவது.

ஒருநாள் என்றால் போகட்டும். லில்லஹாமரிலும் அதே கதை, ராம்ஸாவிலும் அதே கதை. பின்காற்றுக்கு ஈடாகக் கொஞ்சம் புள்ளி போட்டுக் கொடுப்பார்கள்தான். ஆனால் பறக்காத தூரத்தைப் புள்ளியால் நிரப்ப முடியுமா? உனக்கென்று பார்த்துப் பின்காற்று வருகிறதே, என்ன ராசியோ என்று ப்ருன்யார் எஸ்கிலைக் கிண்டலடித்தான். எஸ்கில் சிரிக்கவில்லை. காற்றை அவன் குறை சொல்லவில்லை. பெண்டாட்டி பார்த்துத் தருகிற காற்று, அது சரியாகத்தான் இருக்கும் என்பது அவன் நம்பிக்கை. தன் கால்தான் போய்விட்டது, உந்துகிற வேகம் செத்துவிட்டது, வயசாகிவிட்டது என்று முடிவு கட்டினான். கால் போனால் என்ன வழி? உடம்பைக் குறைக்க வேண்டியதுதான்.

சாப்பாட்டைக் குறைத்தான். முதலில் உருளைக்கிழங்கு போனது, பிறகு ரொட்டி. கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீட்டில் ஆட்டு விலாவை ஆவியில் வேகவைத்து மேசையில் வைத்தபோது, இவன் முட்டைக்கோசை நாலு இழை எடுத்து மென்றுகொண்டு இருந்தான். யூரித் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவன் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்தாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கொடியைப் பிடுங்கிவிடுவார்கள். வேறொருவன் கையில் கொடி போனால், அவன் எதிர்க்காற்றில் எஸ்கிலை இறக்கி விடுவான்.

உடம்பைக் குறைப்பதிலும் ஓர் எல்லை உண்டு. ஆளின் எடைக்குத் தக்கபடிதான் பலகையின் நீளம். நீளப் பலகை காற்றில் நன்றாகத் தாங்கும். பட்டினி கிடந்து பறக்கிற பைத்தியக்காரத்தனத்தை நிறுத்தத்தான் அந்த விதி. தாண்டி முடித்ததும் எடை பார்ப்பார்கள். பலகைக்கு எடை போதாவிட்டால் தாண்டியது செல்லாது. எஸ்கில் குட்டைப் பலகைக்கு மாறவில்லை. தாண்டுவதற்கு முன்னால் தண்ணீரை மடமடவென்று குடித்து எடையைக் கூட்டிக்கொண்டு போவான். பாதிப் பேர் செய்கிற வேலைதான் அது.

மேடையில் யூரித்துக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்பவர் பின்லாந்துக்காரர் கௌகோ. வாயைத் திறந்தால் காசு போய்விடும் என்கிற ரகம். ஸீஃபெல்டில், போட்டிக்கு முந்தின நாள் பயிற்சி முடிந்ததும் கொடியைச் சுருட்டிக்கொண்டே பேசினார்.

"நல்ல காத்து ரெண்டு தடவ வந்துச்சும்மா. ரெண்டையும் போக விட்டுட்ட."

"கவனிக்கல."

"உனக்குத் தெரியாத காத்தா? நானும் ஒருத்தன் விழுந்தப்புறம் ஒரு வருஷம் அப்படித்தான் நின்னேன். என் பசங்க எல்லாம் கடைசியிலதான் வந்தானுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "உன் ஆளு எலும்பும் தோலுமா ஆகிட்டான். அதையாவது கவனிச்சியா?"

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் சொல்லிவிட வேண்டும் என்று யூரித் நினைத்தாள். எஸ்கில் வெறும் சூப்புக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்து, நாளைக்குக் கால் சரியாக இருந்தால் போதும் என்றான். அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தை உள்ளேயே போய்விட்டது. சொல்ல வேண்டாம், செய்து காட்டுவோம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். கோழைகளுக்கு எப்போதும் ஒரு சமாதானம் கைவசம் இருக்கும்.

மறுநாள் காலையில் காற்று தறிகெட்டு அடித்தது. போட்டியை நிறுத்தினார்கள், தொடங்கினார்கள், மறுபடி நிறுத்தினார்கள். மேலே குடிசையில் காத்திருந்த எஸ்கில், குடித்த தண்ணீர் தாங்காமல் இரண்டு தடவை உடுப்பைக் கழற்றிக்கொண்டு ஓடினான். இன்னொரு புட்டியை எடுப்பதற்குள் அவன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். இதெல்லாம் கீழே மேடையில் இருந்தவளுக்குத் தெரியாது.

பச்சை எரிந்தது. சரிவோரம் நட்டிருந்த நாடாக்கள் எல்லாம் மேல்நோக்கிப் பறந்தன. எதிர்க்காற்று. யூரித் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கண்ணுக்குள் வெட்லெ விழுந்துகொண்டே இருந்தான். கௌகோ வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கையை இறக்கினாள்.

எஸ்கில் பறந்தான். விளிம்பைத் தாண்டி எழுந்தவன் இறங்கவே இல்லை. பலகைகள் அசையவில்லை, கோடு போட்டது போலப் போய், சரிவில் வரைந்திருந்த தூரக் கோட்டையும் கடந்து, சரிவு சமதளமாகிற இடத்தில் போய் இறங்கினான். அன்றைக்கு அதுவரை தாண்டியவர்களில் அதுதான் அதிக தூரம். யூரித் மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கௌகோ அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மதியம் முதலில் கிளம்பப் போகிறவன் எஸ்கில். ஓட்டத்தில் அவனை யார் பிடிக்க முடியும்?

காதில் மாட்டியிருந்த கருவியில் ப்ருன்யாரின் குரல் வந்தது. எடை போதவில்லை, தாண்டியது செல்லாது என்றான். ஒரு குவளைப் பால் அளவுதான் குறைவு, பேசிப் பார்த்தேன், கேட்கவில்லை என்றான். அந்தக் காலி இடம் வேறு பையனுக்குப் போய்விட்டது என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

உடை மாற்றும் அறையில் எஸ்கில் உடுப்பை இடுப்புவரை உரித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். விலா எலும்பை எண்ணிவிடலாம். யூரித் கதவைச் சாத்தினாள்.

"எஸ்கில், உன் காலுக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் உன்னைக் கெட்ட காத்துல எறக்கி விட்டேன். தெரிஞ்சேதான்."

"எப்போ?"

"ரூகாவுல இருந்து. இன்னைக்கு மட்டும்தான் நல்ல காத்து. வெட்லெ மாதிரி நீயும் விழுந்துருவியோன்னு பயம்."

அவன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். யாரோ ஒருத்தருடைய கால்களைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"அப்ப என் காலு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நான் பட்டினி கெடந்தேனே யூரித். நீ எதுத்தாப்புல உக்காந்து பாத்துட்டே இருந்தியே."

யூரித் அவன் சட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

மற்றவர்கள் உலகப் போட்டிக்குத் தயாராகக் கிளம்பிப் போனார்கள். இவர்கள் இருவரும் அணியின் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஜெர்மனி முழுக்க அவன்தான் வண்டியை ஓட்டினான். கீல் துறைமுகத்தில் வண்டியோடு கப்பல் ஏறினார்கள். கப்பல் சாப்பாட்டு அறையில் அவன் போய் ஒரு தட்டு நிறைய மீனும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு வந்து, தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச்சில் ஆஸ்லோ போட்டிக்குச் சொந்த நாட்டுக்காரர்களுக்குக் கூடுதல் இடம் உண்டு, தான் தாண்டப் போவதாகச் சொன்னான். கொடியை ப்ருன்யாரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றாள் யூரித்.

"அவனுக்கு எதிர்க்காத்தும் தெரியாது, பின்காத்தும் தெரியாது. நீயே பிடி."

"எனக்கு இன்னும் பயம் போகல எஸ்கில்."

"போகாது. பயப்படு. ஆனா என்கிட்ட சொல்லிட்டுப் பயப்படு. மறைச்சு வச்சு என்னைக் காப்பாத்தாத."

அவள் தலையாட்டினாள். உலகப் போட்டி இன்னும் மூன்று வாரத்தில் தொடங்குகிறது என்று சுவரிலிருந்த தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்தது. எஸ்கில் அதைப் பார்க்காமல் எழுந்து, இன்னொரு தட்டு எடுத்து வரப் போனான்.