கிலோமீட்டர் அக்கா

விமானத்தில் வருகிறவர்களைப் பெரிய மனிதர்கள் என்று நீங்கள் நினைத்திருந்தால், அவர்கள் இறங்கிப் போன பிறகு ஒருமுறை உள்ளே வந்து பாருங்கள். அந்த அசிங்கத்தை நாங்கள் எட்டுப் பேர் நாற்பது நிமிடத்தில் வாரிக் கொட்ட வேண்டும். இருக்கைப் பையில் குழந்தையின் ஈர டயப்பர், வெட்டிப் போட்ட கால் நகம், கைப்பிடிக்கு அடியில் மென்று ஒட்டிய பபிள்கம். கழிப்பறையைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

எங்களுக்கு மேஸ்திரி கிலோமீட்டர் அக்கா. பதினாறு வருட சர்வீஸ். கதவருகே நின்று மூக்கைச் சுளித்தே, "இது நாலு மணி நேரம். மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டாது" என்பார். தப்பியதே இல்லை. "அஞ்சு மணி நேரம் வரைக்கும் மனுஷன் மனுஷனா இருப்பான்டி. அதுக்கு மேல தாங்காது."

காலை பத்து மணிக்கு இறங்குவதுதான் இருப்பதிலேயே நாறும். ஒன்பதாயிரத்து நானூறு கிலோமீட்டர், எங்கும் நிற்காமல் பதினொன்றே முக்கால் மணி நேரம். அக்காவின் ஒரே மகன் இருக்கும் ஊரிலிருந்து தினமும் வருவது. அவன் போய் ஆறு வருடமாகிறது. அம்மாவுக்கு ஏர்போர்ட்டில் வேலை என்று அங்கே பெருமையடித்துக்கொள்கிறானாம். என்ன வேலை, எந்த விமானம் என்று வாய் திறந்து கேட்டதில்லை, துரை.

போன மாதம் அக்காவின் கணவருக்கு இதயத்தில் அடைப்பு. உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். மனிதர் ஒரே பிடியாக, "பையன் மூஞ்சியப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போடுவேன்" என்று படுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அக்கா மகனுக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"டிக்கெட்டே இல்லம்மா. வாரக் கடைசி வரைக்கும் எல்லாம் ஃபுல். நான் என்ன பண்ண, றெக்கை கட்டிக்கிட்டா வர முடியும்?"

மறுநாள் அந்தப் பத்து மணி விமானத்தில் ஏறினோம். ஒவ்வொரு இருக்கையிலும் உறைக்குள் ஒரு போர்வை வைத்திருப்பார்கள். ஆள் உட்கார்ந்திருந்தால் உறை கிழிந்து, போர்வை காலடியில் மிதிபட்டுக் கிடக்கும். ஆள் இல்லையென்றால் வைத்தது வைத்தபடி இருக்கும். அன்று பின்பக்கம் நெடுக வைத்தது வைத்தபடி. அக்கா குப்பைப் பையைக் கீழே போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நாற்பத்தொன்று. வியாழக்கிழமை முப்பத்தாறு.

ஊரான் வாந்தியை அள்ளியவள் நான். மகன் சொன்ன பொய் அதைவிட நாறியது.

"போனைப் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுக்கா."

"எதுக்குடி? இன்னொரு பொய் சொல்வான். அதையும் நான்தான் கூட்டி அள்ளணும்."

சீருடையைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இனி ஒரு நாள் தள்ளினாலும் உயிருக்குத் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் வாசலிலேயே சொல்லிவிட்டார். உள்ளே போனதும் கணவர் கேட்டார்: "சீட்டு கிடைச்சுதாமா?"

வந்துகொண்டிருக்கிறான், அதற்குள் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லித் தொலைக்கட்டும் என அக்காவின் கையைக் கிள்ளினேன்.

"சீட்டு நெறைய இருக்குங்க. நேத்து நாப்பத்தொண்ணு, இன்னைக்கு முப்பத்தாறு. நானே எண்ணினேன்" என்றார் அக்கா. "அவன் வரமாட்டான்."

 கணவர் எழுந்து உட்கார்ந்து பேனா கேட்டார். ஆபரேஷன் சம்மதப் படிவத்தில், அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் மகன் பெயரை முதல் நாளே எழுதி வைத்திருந்தார். அதை அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.