சீப்புப் பாறைக்கு அடித்த சுண்ணாம்பு

வாயே திறக்காத பெண் என்று சொல்லித்தான் ஸ்தமாத்தாவை லாம்ப்ரோஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மலைப்பக்கத்து ஆட்டுக்காரன் மகள். கடலைக் கிட்டத்தில் பார்த்ததே கல்யாணத்தன்றுதான். முதல் வாரம் முழுக்கப் படகு விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தாள். அப்போதுகூட அவள் வாயிலிருந்து ஒரு முனகல் வரவில்லை. "லாம்ப்ரோஸ் கல்லைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்டா, இனி அவன் படகுக்கு நங்கூரமே வேண்டாம்" என்று அஸ்தகோஸ் துறைமுகத்துக் காபிக்கடையில் சிரித்தார்கள்.

அந்த ஸ்தமாத்தாதான் அறுபதைத் தாண்டிய பிறகு வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தாள். சும்மா பேச்சா அது! அவர்களுடைய "கலியோப்பி" படகு துறையை விட்டுக் கிளம்பினால் அவள் குரல் கரை வரைக்கும் கேட்கும். "அதோ பாரு, கோயில் அந்த முனைக்குப் பின்னாலேருந்து வெளிய தெரியுது. ஐயோ, இந்தக் கெராசிமோஸ் வலையைக் கொண்டாந்து நம்ம இடத்துப் பக்கமே போட்டிருக்கான் பாரு, இடது பக்கம், சிவப்பு மிதவை. அந்தப் பாறை மேல இன்னைக்கு ஒரு ஆட்டையும் காணோமே." வயசானால் பெண்களுக்கு அப்படித்தான் என்றார்கள் சிலர். மகளைப் பட்ராஸ் நகரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு தனிமை என்றார்கள் வேறு சிலர். எல்லாம் வெட்டிப் பேச்சு. காரணம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

லாம்ப்ரோஸுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

அவள் பேச ஆரம்பித்த அந்த வசந்தத்தில்தான் அதைக் கண்டுபிடித்தாள். காபியைக் கோப்பைக்குள் ஊற்றாமல் விளிம்பில் ஊற்றினான். படகு ஆடுது என்றான். அன்றைக்குக் கடல் தட்டில் வைத்த எண்ணெய் மாதிரிக் கிடந்தது. இன்னொரு நாள், நீர்க்காகங்கள் உட்கார்ந்திருந்த பாறையைப் பார்த்துக் கையை ஆட்டி, "என்னடா கெராசிமோஸ், மீன்பாடு எப்படி?" என்று கத்தினான். காகங்கள் பறந்து போயின. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எப்படிக் கேட்பாள்? அவன் அப்பாவும் இப்படித்தான் கண் மங்கி, ஏதென்ஸில் கண் ஆபரேஷனுக்குப் போய், இருந்த வெளிச்சத்தையும் தொலைத்துவிட்டுத் திரும்பினார். அதிலிருந்து லாம்ப்ரோஸுக்கு டாக்டர் என்ற சொல்லே ஆகாது. விஷயம் துறைமுக அலுவலகத்துக்கு எட்டினால் படகோட்டும் உரிமத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். மகள் எவாந்தியா பட்ராஸில் ஓர் அறையைத் தயாராக வைத்துக்கொண்டு எப்போது எப்போது என்று காத்திருக்கிறாள். அந்த அறையின் மாடத்தில் நின்றால் எதிர்வீட்டு மாடம்தான் தெரியும். அங்கே கொண்டுபோய் லாம்ப்ரோஸை உட்கார வைத்தால் ஒரு குளிர்காலம் தாங்கமாட்டான் என்பது ஸ்தமாத்தாவுக்குக் கையில் இருக்கும் ரேகை மாதிரித் தெரியும். அதனால்தான் பேசினாள். அவள் கண்ணால் பார்த்ததெல்லாம் வாய் வழியாக அவன் காதுக்குப் போயிற்று. அவனும் அதைப் பிடித்துக்கொண்டே சுக்கானைத் திருப்பினான். இருவரும் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

வாதாம் பூ உதிரும்போது அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு படகில் ஏறினால் ஈஸ்டருக்குத்தான் இறங்குவார்கள். கணவாய் முட்டையிடக் கரையோரம் வரும் பருவம். தவக்காலத்தில் ஊரெல்லாம் இறைச்சியும் மீனும் தொடாது, இரத்தம் இல்லாத கணவாயைத்தான் தேடும். படகின் அறையில் ஒன்றரை ஆள் படுக்கிற கட்டில். அதில் இரண்டு பேர். தகர டப்பாவில் ஒரு துளசிச் செடி. மாலையில் ஆட்டுத்தீவின் ஓரம் படகை நிறுத்தியதும் அவள் கரையில் இறங்கிக் கீரை பறித்து வருவாள். அவன் கணவாயை அதன் மையோடு வேகவைப்பான். கருப்பு உதட்டோடு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவார்கள். வலை நூல் அறுத்த அவள் விரல்களுக்கு அவன் தினமும் ஒலிவ எண்ணெய் தேய்த்துவிடுவான். "இது விரலா, மரக்கட்டையா?" என்பான். "கட்டினவன் வச்ச வேலை அப்படி" என்பாள். பட்ராஸ் அறையில் இதெல்லாம் ஏது?

ஈஸ்டருக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் கையில் அகப்பட்டதற்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். சுவர், படி, மரத்தடி, ஒன்றும் தப்பாது. ஆட்டுத்தீவில் புனித நிக்கோலாவுக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. எவாந்தியா பிறந்தபோது நேர்ந்துகொண்டதிலிருந்து ஸ்தமாத்தாதான் அடிக்கிறாள். அவள் பேச ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது; அந்த ஈஸ்டருக்கும் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் லாம்ப்ரோஸ் வலை பின்னிக்கொண்டிருக்க, அவள் சிறு தோணியில் வாளியோடு போனாள். கோயிலை முடித்தாள். வாளியில் பாதி மிச்சம்.

தீவுக்கு வரும் வழியில் சீப்புப் பாறை இருக்கிறது. சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை, எல்லாம் தண்ணீருக்கடியில். ஒரே ஒரு பல் மட்டும் ஆள் உயரத்துக்கு வெளியே நிற்கும், கருப்பாக. லாம்ப்ரோஸ் கோயிலின் வெள்ளையைப் படகு முனைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பாறையை ஒதுக்கி வருவது வழக்கம். இந்தக் கருப்புப் பல் அவனுக்கு இனி எங்கே தெரியப்போகிறது என்று அவளுக்குக் கவலை. தோணியை அதன் பக்கம் விட்டாள். ஒரு கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மறு கையால் அந்தப் பாறையை உச்சி முதல் தண்ணீர் வரைக்கும் வெள்ளையடித்தாள். இப்போது தெரியும், ஒதுங்கிப் போவான் என்று ஒரே சந்தோஷம். நாளைக்குப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாளைக்குத்தான் சண்டை வந்து தொலைத்தது. ஞாயிறன்று எவாந்தியா போனில் கூப்பிட்டாள். ஸ்தமாத்தா படகின் பின்பக்கம் போய் நின்று, தாழ்ந்த குரலில், "ஈஸ்டர் முடியட்டும், அப்பாவை ஒரு டாக்டர்கிட்ட சும்மா காட்டிட்டு வரலாம்னு பாக்கறேன்" என்றாள். கண் மங்கியவனுக்குக் காது கூர்மையாகும் என்பதை மறந்துவிட்டாள்.

"என்னை எதுக்குடி காட்டணும்? நான் என்ன சந்தை மாடா?"

"அட மனுஷா, கத்தாதே. ஒரு தடவை பாத்துட்டு வந்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல! விடிஞ்சா அடைஞ்சா தொணதொணன்னு ஒரே பேச்சு. கோயில் தெரியுது, பாறை தெரியுதுன்னு. எனக்குத் தெரியாதா? ஒரு நாளாவது வாயை மூடேன், காது வலிக்குது!"

ஸ்தமாத்தா அவனையே பார்த்தாள். "சரி" என்றாள்.

அவ்வளவுதான். மூடிவிட்டாள். திங்கட்கிழமை தட்டை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள். அவன் ஒதுக்கினான். கிளம்பும்போதும் கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு அவன் கரைப்பக்கம் நெருங்காமல் தட்டுத் தடவி ஓட்டினான். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். ராத்திரி அந்த ஒன்றரை ஆள் கட்டிலில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தார்கள். பாறைக்குச் சுண்ணாம்பு அடித்தது அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் முதலில் ஒரு வார்த்தை பேசட்டும் என்று விழுங்கிவிட்டாள். அவனோ அவள் கூப்பிடட்டும் என்று கிடந்தான். அறுபது வயசுக்கு மேல் இந்த வீம்பு! இரண்டு பேரையும் சேர்த்து உதைக்கலாம் போலிருக்கிறது எனக்கு.

செவ்வாய் காலை வலை நிறையக் கணவாய். சிரிக்க வேண்டிய காலை. தீவுக்குத் திரும்பினார்கள். வெயில் எதிரே. ஸ்தமாத்தா பின்பக்கம் குனிந்து வலையிலிருந்து கணவாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் மை. லாம்ப்ரோஸ் சுக்கானைப் பிடித்துக் கண்ணை இடுக்கினான். கலங்கின வெளிச்சத்துக்குள் ஒரு வெள்ளை தெரிந்தது. பெரிய, பளிச்சென்ற வெள்ளை. ரொம்ப நாளாகக் கோயில் இவ்வளவு நன்றாகத் தெரிந்ததில்லை. கண் தேறிவருகிறது, இவளுக்கு என்ன தெரியும் என்று அவன் நெஞ்சு நிமிர்ந்தது. படகின் முனையை அந்த வெள்ளைக்கு நேராகத் திருப்பினான்.

இன்ஜின் சத்தம் பாறையில் பட்டுத் திரும்புவது காதில் விழுந்துதான் ஸ்தமாத்தா தலையைத் தூக்கினாள். "லாம்ப்ரோ!" என்று அலறினாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் சொல்.

அவன் சுக்கானை வெட்டித் திருப்பினான். அரைகுறையாகத்தான் திரும்பியது. தண்ணீருக்கடியில் இருந்த பல் படகின் வயிற்றைப் பிளந்தது. இன்ஜின் இருமி நின்றுவிட்டது. அடிப்பலகை விரிசலில் தண்ணீர் பொங்கியது. ஸ்தமாத்தா கட்டிலிலிருந்த கம்பளியை உருவிக்கொண்டு வந்து, விரிசலில் திணித்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தான். சுற்றிக் கணவாயும் கருப்புத் தண்ணீரும்.

"கோயில்... கோயிலைத்தானே பிடிச்சு வந்தேன்" என்றான்.

"கோயில் இல்லை. பாறை. நான்தான் அடிச்சேன்."

"எதை அடிச்சே?"

"சுண்ணாம்பை! உனக்குத் தெரியட்டும்னு. ஒதுங்கிப் போவேன்னு." சொல்லும்போதே அழுதுவிட்டாள். "ஞாயித்துக்கிழமை சொல்லணும்னு இருந்தேன். நீதான் வாயை மூடச் சொன்னே."

வாளி அவன் கையில் அப்படியே நின்றது. தண்ணீர் ஏறியது.

"இறை, கிழவா, இறை! நின்னு என்ன பாக்கறே?"

இறைத்துக்கொண்டே கேட்டான்: "அப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியாமத்தான் ரெண்டு வருஷமா தொண்டை காயக் கத்தினேனா? எனக்கென்ன பேசிப் பேசிப் பழக்கமா? ஆட்டுக்காரன் மகளுய்யா நான்!"

லாம்ப்ரோஸ் இன்னும் வேகமாக இறைத்தான். அவன் கன்னத்தில் வழிந்தது கடல் தண்ணீர்தானா என்று அவள் கேட்கவும் இல்லை.

அலறலைக் கேட்டு கெராசிமோஸ் தன் படகை விரட்டிக்கொண்டு வந்தான். கயிற்றை வீசிக் கட்டினான். ஆபத்து நீங்கியதும் வாய் அரிக்காதா அவனுக்கு? "ஏம்ப்பா லாம்ப்ரோஸ், தூக்கத்துலகூட இந்தப் பாறையைத் தாண்டுவியே! பட்டப்பகல்ல, அதுவும் வெள்ளையடிச்சு வச்ச பாறையில, எப்படிப்பா கொண்டுபோய் மோதினே?"

ஸ்தமாத்தா முந்திக்கொண்டாள். "நான்தான் சுக்கான் பிடிச்சிருந்தேன். அவர் வலை கழட்டிக்கிட்டிருந்தார்."

கெராசிமோஸ் வாய்விட்டுச் சிரித்தான். "அதானே பாத்தேன்! பொம்பளை கையில சுக்கானைக் குடுத்தா..."

லாம்ப்ரோஸ் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஊர் அவளைக் கொஞ்ச நாள் கேலி பண்ணியிருக்கும். உரிமமும் படகும் அவன் பெயரும் பத்திரமாக இருந்திருக்கும். அவன் அவளைப் பார்த்தான். கம்பளி மேல் இடுப்பளவு மைத் தண்ணீரில், குளிரில் உதடு நடுங்க உட்கார்ந்திருந்தாள்.

"சிரிக்காதேடா" என்றான். "சுக்கான் என் கையிலதான் இருந்தது. எனக்குக் கண்ணு தெரியல. ரெண்டு வருஷமா இவதான் படகை ஓட்டறா, வாயாலேயே."

கெராசிமோஸின் சிரிப்பு பாதியில் அறுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினான். பிறகு அவர்களை அஸ்தகோஸுக்கு இழுத்துவந்தான்.

ஈஸ்டர் லாம்ப்ரோஸின் பெயர்நாளும்கூட, எங்கள் பக்கத்தில் பிறந்தநாளைவிடப் பெரிய கொண்டாட்டம் அது. கரையேற்றிய படகுக்குப் பக்கத்தில்தான் ஆட்டைச் சுட்டார்கள். பட்ராஸிலிருந்து வந்த எவாந்தியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு திட்டினாள், அழுதாள், மறுபடி திட்டினாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஈஸ்டருக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டையை உரித்து அவள் வாயில் வைத்தான். "டாக்டர்கிட்ட வரேன்" என்றான். "ஆனா உன் மாடத்துக்கு வரமாட்டேன்."

போனான். ஆபரேஷன் அறையின் கதவு வரைக்கும் ஸ்தமாத்தாவின் கையை விடவில்லை. ஒரு கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் திரும்பியது. மற்றது போனது போனதுதான். இனி சுக்கானைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஊர் திரும்பிய அன்று மாலையே அவன் ஸ்தமாத்தாவையும் கூட்டிக்கொண்டு துறைமுக அலுவலகத்துக்குத் தானே நடந்துபோய், தன் உரிமத்தை மேசையில் வைத்துவிட்டு, "இவளுக்கு ஒண்ணு வாங்கணும், என்ன எழுதணும், என்ன படிக்கணும்?" என்று கேட்டான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் படித்தாள். அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த வருஷம் வாதாம் பூ உதிர்ந்ததும் "கலியோப்பி" கிளம்பியது. சுக்கானில் ஸ்தமாத்தா. வலைக்கு லாம்ப்ரோஸ்; அவன் கைகளுக்குக் கண் வேண்டியதில்லை. ஓட்டுகிற வேலையில் அவள் பழையபடி வாயை மூடிக்கொண்டாள். இப்போது பேச்செல்லாம் அவனுடையது. காற்று மாறுது பாரு, இந்த இடத்துல எங்கப்பா ஒரு தடவை, இடது பக்கம் அலை சத்தம் வேற மாதிரி கேக்குது, துளசிக்குத் தண்ணி ஊத்தினியா.

சீப்புப் பாறை எதிரே வந்தது. மழையில் பாதி சுண்ணாம்பு கரைந்துபோயிருந்தது. அவள் இன்ஜினைக் குறைத்தாள்.

"சித்த நேரம் வாயை மூடேன், காது வலிக்குது" என்றாள்.

அவன் உடனே மூடிக்கொண்டான். இன்ஜின் சத்தம் மட்டும். பாறை பக்கத்தில் வந்தது, மெதுவாகப் பின்னால் போனது. கோயில் தெரிந்தது. ஸ்தமாத்தா திரும்பிப் பார்த்தாள். வலைக் குவியலின் மேல் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு அவள் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"தாண்டியாச்சு" என்றாள். "இப்போ பேசு."

"என்னத்தைப் பேச?"

"எதையாவது. நீ பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."