மஞ்சள் குதிரைக்கு மொட்டை

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. குக்கர் விசில் அடிக்கும் முன்பே தட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிற ரகம். மூன்றாம் வகுப்பில் இந்த அவசரம் ஒரு குதிரையின் தலையில் விடிந்தது.

சிங்காநல்லூரில் எங்கள் வீதியில் வீடியோ டெக் இருந்தது என் சிநேகிதி வீட்டில் மட்டும்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த அவளுடைய மாமா மூன்று பிளாஸ்டிக் குதிரைகளும், அதே குதிரைகள் பேசிப் பறக்கிற கார்ட்டூன் படக் கேசட் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். கையில் இருக்கிற பொம்மையே டிவிக்குள் ஓடுவதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் சூனியக்காரி மஞ்சள் குதிரையைக் குகையில் அடைத்ததும், அது காலிலிருந்து கல்லாகிக்கொண்டே வந்ததும் புரிந்தது. கல் கழுத்துவரை ஏறியபோது கல்யாணப் பத்திரிகை வைக்க யாரோ வந்தார்கள்.

"வாங்க, வாங்க" என்றபடியே சிநேகிதியின் அம்மா டிவியை அணைத்தார். எங்களிடம், "மிச்சத்த அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம், போங்க கண்ணு" என்றார்.

ஒரு வாரம்! நான் இல்லாமல் பார்க்கக் கூடாது என்று சிநேகிதியிடம் மருதமலை முருகன் மேல் சத்தியம் வாங்கினேன். கெஞ்சிக் கூத்தாடி மஞ்சள் குதிரையையும் இரவல் வாங்கிவந்தேன்.

மறுநாள் பள்ளியில் பாடம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளோ படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முருகனிடம் வேண்டிக்கொண்டேன்: குதிரை பிழைத்தால் அதன் முடி காணிக்கை. வேண்டுதல் பலித்த பிறகுதான் மொட்டை போடுவார்கள். அதுவரை யார் காத்திருப்பது? அப்பாவின் சவர பிளேடால் அந்த நீளமான நைலான் முடியை ஒட்டச் சிரைத்து, தலையில் சந்தனமும் பூசிவிட்டேன். மொட்டை போட்ட பிறகு எனக்கு வளர்ந்த மாதிரி அதற்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொஞ்சமாவது முளைத்துவிடும் என்று நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை தடவிப் பார்த்தேன். புதன்கிழமையும் தடவினேன். வியாழக்கிழமை தேங்காய் எண்ணெய் வைத்தேன். நைலான் முளைக்காது என்பது சனிக்கிழமைதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மிச்சப் படம் ஓடியது. மஞ்சள் குதிரை கல்லை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. முருகன் தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டார். எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. மடியில் இருந்த பைக்குள் மொட்டைக் குதிரை கிடந்தது.

"என் குதிர எங்க புள்ள?" என்று சிநேகிதி கேட்டாள். நீட்டினேன். வைவாள், அம்மாவைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"சந்தனமெல்லாம் பூசியிருக்குது. சாமியே மொட்ட போட்டுருச்சா?" என்றாள். "அன்னிக்குப் பத்திரிக வெக்க வந்தவங்க போனதீமே நான் மிச்சத்தப் பாத்துப்போட்டேன். சத்தியத்த மீறிப்போட்டேன்."

முதலில் திக்கென்றது. பின்னாலேயே கோபம் வந்தது. குதிரை பிழைத்தது அவளுக்குத் திங்கட்கிழமையே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பிளேடைத் தொட்டிருக்கவே மாட்டேன். அந்தக் கோபத்தில்தான் சொன்னேன்:

"பின்னே? சாமி சும்மா உடுமா?"

அவள் அழுதுகொண்டே குதிரையை என் பக்கம் தள்ளினாள். "எனக்குப் பயமா இருக்குது. நீயே வெச்சுக்க."

உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. எல்லாவற்றுக்கும் பறக்கிற நான் அதற்கு மட்டும் அவசரப்படவில்லை. குதிரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.