வள்ளத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்

பிள்ளைகளே, இராமநாதபுரம் பக்கத்து மியூசியத்தில்தான் அந்த அம்மாவை முதலில் பார்த்தேன். வெயிலில் கறுத்த ஒல்லி முகம், நெற்றி நிறையக் குங்குமம். படகில் ஏறுகிறவர் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வந்தார். பாம்பனிலிருந்து கேனில் கொண்டுவந்த கடல் தண்ணீரை, அங்கே வைத்திருந்த மீன்பிடி வள்ளத்தின் பலகைகளில் மெல்ல ஊற்றினார்.

“ஏம்மா, இது என்ன பூச்செடியா, வாராவாரம் தண்ணி ஊத்துற?” என்றார் காவலாளி.

அவர்தான் விவரமும் சொன்னார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போன வள்ளம் அது. வள்ளம் மட்டும் ஆளில்லாமல் கரை ஒதுங்க, அதன் முதலாளி மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டாராம்.

“காஞ்சா பலகை வெடிச்சிரும்ண்ணே. அவுக வந்தா எதுல தொழிலுக்குப் போவாக?” என்றார் அந்த அம்மா. வள்ளத்தின் மேலிருந்த அட்டையைக் காட்டி, “என்னண்ணே எழுதியிருக்கு?” என்று என்னிடம் கேட்டார்.

‘முற்காலத்தில் மீனவர்கள் பயன்படுத்திய படகு’ என்றிருந்தது.

“வள்ளம்னு போட்டிருக்கும்மா” என்றேன்.

அடுத்த முறை உங்களையும் கூட்டிப் போனபோது, வள்ளத்தைச் சுற்றிக் கண்ணாடி அடைத்திருந்தார்கள். உள்ளே பலகை வெடித்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே நிறைந்த கேனோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

“யாருய்யா அவுக?” என்று கேட்டீர்கள். அதைத்தான் இப்போது சொன்னேன்.