வெள்ளிக்கிழமைக் கப்பல்

மச்சானின் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். துபாயில் ஆறு பேர் தங்கும் அறையின் பழைய ஏசி அது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் அனுப்பும் வாய்ஸ் நோட்டில் அந்த இரைச்சல் கேட்டதும், என் அக்காவின், நாங்கள் லாத்தா என்போம், மகள் அதைக் கப்பலின் எஞ்சின் என்றே நம்பிச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். பிறகு ஏழெட்டு நிமிடம் கீழக்கரையில் எங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது.

மச்சான் என் லாத்தாவின் கணவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவில் வருவார். நாலு வயதில் பிள்ளை அவரோடு போனில் பேசமாட்டேன் என்று அடம்பிடித்தாள். வாப்பா என்றால் யார் என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. அதற்காகக் கணவனும் மனைவியும் சேர்ந்து கதையில் ஒரு தீவைக் கட்டினார்கள்; தீவில் விளக்கேற்றிக் காத்திருக்கும் ஒருத்தி, கடலில் ஒரு கப்பல் தலைவர். தீவில் நடப்பதை லாத்தா சோறு ஊட்டும்போது சொல்வாள். கடலில் நடப்பதை மச்சான் வாய்ஸ் நோட்டில் சொல்வார். தீவுக்காரி புதன்கிழமை ஏற்றிய விளக்கைக் கப்பல் தலைவர் வெள்ளிக்கிழமை தூரத்திலிருந்து பார்ப்பார். ஒருவரிடம் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருந்த நான், பார்சல் அட்டைகளின் பின்பக்கம் படம் வரைந்து மூன்றாவது ஆளாக ஒட்டிக்கொண்டேன். ஒருமுறை தலைவருக்குத் தாடி வரைய மறந்துவிட்டேன். பிள்ளை கையும் களவுமாகப் பிடித்தாள். அடுத்த வாரமே மச்சான், உப்புக்காற்றில் சிக்கு விழுந்ததால் தலைவர் தாடியை மழித்துவிட்டதாகச் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினார். அவர்கள் வைத்திருந்தது ஒரே ஒரு சட்டம்: தலைவர் எப்போது கரைக்கு வருவார் என்று சொல்லக் கூடாது, ஆனால் கட்டாயம் வருவார்.

பின்னால் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ஒரே கதை உலகத்தை ஆடியோ தொடராகவும் படக்கதையாகவும் போன் விளையாட்டாகவும் பிரித்துச் சொல்லும் கம்பெனி. புது உலகம் ஒன்று வேண்டும் என்றார்கள். நான் தீவைக் கொடுத்தேன். வீட்டில் கேட்டுக்கொண்டு கொடுக்கவில்லை. என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக் கதைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதை இப்போது எழுதவே கூசுகிறது. ஆடியோ தொடரின் முடிவில் தலைவர் மூழ்க வேண்டும், அப்போதுதான் படக்கதையில் மகள் அவரைத் தேடிப் போக முடியும் என்றார்கள். டீ ஆறுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைக்கு அப்போது எட்டு வயது. மாமா செய்த தொடர் என்று பெருமையாகக் கேட்டிருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை மச்சானின் வாய்ஸ் நோட்டைப் பாதியில் நிறுத்திவிட்டாளாம்.

"அவருதான் மவுத்தாயிட்டாரே. வாப்பா சும்மா சொல்றாக."

லாத்தா இதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை. மறுநாள் மச்சானே அழைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தம்பி, அது ஒன் கதையாவே இருக்கட்டும். வாப்பா சொல்றதும் நெசந்தான்னு பிள்ளைக்கிட்ட மட்டும் சொல்லிரு. நான் அங்கன இல்லல்ல. எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

சொல்கிறேன் என்றேன். ஊருக்கும் போனேன். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். உன் வாப்பாவுடையதை எடுத்து நான்தான் கெடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "ரெண்டும் கதைதாம்மா" என்பதுதான். பெரிய அறிவாளி மாதிரி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதன்பின் மச்சானின் கப்பல் வருவது குறைந்து, ஒரு நாள் நின்றும் போனது. இப்போது அவர் அனுப்புவதில் பள்ளிக்கூடம் இருக்கிறது, சாப்பிட்டாயா என்ற கேள்வி இருக்கிறது.

போன பெருநாளுக்கு ஊருக்குப் போனேன். பிள்ளைக்குப் பதினொரு வயதாகிவிட்டது. தொடரின் இரண்டாம் பாகம் அப்போதுதான் வந்திருந்தது. வாசலிலேயே என்னை நிறுத்திப் போனைக் காட்டினாள். எல்லாப் பகுதியையும் இறக்கி வைத்திருந்தாள். போனில் இடமில்லாமல் போனதால், வாப்பாவின் பழைய வாய்ஸ் நோட்டுகளை ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணினாளாம். நான் சந்தோஷப்படுவதைப் பார்க்க என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சிரித்தேன்.