பனிவண்டியின் சத்தம் நின்றபோது

இரண்டு மாரிகாலங்களுக்கு முன்பு, ஜெர்மனியின் தெற்கே ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைக்காட்டில் நடந்தது இது. நானும் மனைவியும் அங்கே மலை உச்சியில் சிறிய உணவு விடுதி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறோம். ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து பிறருடைய குசினிகளில் நின்று சமைத்தவன் நான். நமக்கென்று ஒரு அடுப்பு வேண்டும் என்ற ஆசையில், ஒரு கோடைகாலத்தில் போய் இடத்தைப் பார்த்தோம். பச்சைப் புல்வெளி, மாட்டு மணிச் சத்தம், நல்ல காற்று. உடனே கையெழுத்து வைத்துவிட்டோம். மாரியில் இந்த இடம் எப்படி இருக்கும் என்று கேட்க இருவருக்குமே தோன்றவில்லை.

மாரியில் கார் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே காட்டுவழி முழுவதும் பனி மூடி, பனிச்சறுக்குக்காரர்களின் தடமாகிவிடும். சாப்பிட வருகிறவர்கள் நடந்தோ சறுக்கியோ வந்துவிடுவார்கள். உருளைக்கிழங்கு மூட்டையும் பால் பெட்டியும் அப்படி வராதே! அதற்காகத்தான் அந்தப் பனிவண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் டாங்கிக்கு இருப்பதுபோல ஒரு ரப்பர் பட்டி, நடுவில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஓர் இருக்கை. பின்னால் ஒரு சாமான் சறுக்கியைக் கொழுவி இழுக்கலாம். பொதுவாக இங்கே காட்டுக்குள் இந்த வண்டியை ஓட்ட விடமாட்டார்கள். விடுதிக்குச் சாமான் ஏற்ற மட்டும் எங்களுக்கு விசேட அனுமதி இருந்தது. வண்டி, விடுதியோடு சேர்ந்து வந்தது. முன்பு குத்தகைக்கு இருந்தவர் சாவியைத் தந்தபோது என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அதன் அர்த்தம் பிறகுதான் விளங்கியது.

கோடையில் கொட்டிலுக்குள் வைத்துக் கயிற்றை இழுத்தால் முதல் இழுவையிலேயே உறுமும். பனி விழுந்த அன்றிலிருந்து நோய் தொடங்கிவிடும். ஸ்டார்ட் கயிற்றை இழுத்து இழுத்து என் வலது தோள் இடது தோளைவிடப் பெருத்துவிட்டது என்று மனைவி சொல்லுவாள். பிளக் நனைந்துபோகும். பெல்ட் அறும். பெல்ட்டை மாற்றினால் காபரேற்றர் அடைத்துக்கொள்ளும். பட்டிக்குள் பனி இறுகி ஐஸாகி, சில்லு சுற்றாமல் நிற்கும். பட்டணத்தில் திருத்துகிறவரிடம் கொண்டுபோனால், இந்த மொடலுக்கு இனிமேல் சாமான் வராது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். எசன் நகரில் கார் திருத்துகிற மச்சான் ஒருவன் இருக்கிறான். அவனுக்குத்தான் போன் எடுப்பேன். “மச்சான், உது காரில்லை, எனக்கு உதைப்பற்றி ஒண்டும் தெரியாது,” என்று தொடங்கி, ஒரு மணித்தியாலம் ஆலோசனை சொல்லுவான். ஒருமுறை பெற்றோல் கசிந்து, ஏற்றி வந்த பாண் ரொட்டி முழுவதும் மணந்தது. அன்று காலைச் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் தோசைதான் கொடுத்தோம். விரும்பித்தான் சாப்பிட்டார்கள்.

“உந்தச் சனியனை எங்கையாவது பள்ளத்துக்குள்ளை தள்ளிப்போட்டு வாங்கோ,” என்பாள் மனைவி. எனக்கோ அது ஒரு வீம்பாகிவிட்டது. இணையத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டப் பழகினேன். வழியில் நிற்பதும், அந்த இடத்திலேயே திருத்துவதும், பிந்தி வருவதும் எங்கள் மாரிகால வழக்கமாகிவிட்டது.

இந்த வண்டியை என்னைவிடவும் வெறுத்த ஒருவர் இருந்தார். காட்டின் ஓரத்தில், கடைசி வீட்டில் தனியாக இருந்த ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தினமும் அந்தத் தடத்தில் சறுக்குவார். என் வண்டி தடத்தைக் கிழிக்கிறது, புகை மணக்கிறது, சத்தம் காதைப் பிளக்கிறது என்று, கண்ட இடத்தில் ஊன்றுகோலை நீட்டி என்னை மறித்துவைத்துத் திட்டுவார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

“அவவுக்கு ஒரு கேக் கொண்டுபோய்க் குடுங்கோவன்,” என்றாள் மனைவி.

“ஏன், என்னை ஏசினதுக்குச் சம்பளமோ?” என்று கேட்டுவிட்டு என் பாட்டில் போய்விட்டேன்.

அந்த மாரியில் ஒரு நாள் மத்தியானம் சாமான் ஏற்றிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண்மணியின் வீட்டைத் தாண்டி, சரிவான ஒரு வளைவில் வண்டி நின்றது. பட்டிக்குள் ஐஸ். அதற்கு ஒரு வழி உண்டு. வண்டியைப் பக்கவாட்டில் சரித்து, பட்டியை உதைத்து ஐஸை உதிர்க்கவேண்டும். காட்டுக்குள் போன் சிக்னல் இல்லாததால் வீடியோக்களை முன்பே இறக்கி வைத்திருந்தேன். போனைச் சாமான் பெட்டிமேல் நிறுத்தி ஒன்றைப் போட்டேன். கையுறைகளைக் கழற்றிப் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். சறுக்கியைக் கழற்றி விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்தில் நின்று வண்டியை என்னை நோக்கி இழுத்தேன். கீழ்ப்பக்கத்தில் நிற்கக்கூடாது. அது அந்த வீடியோவில் சொல்லப்படவில்லை.

வண்டி நான் நினைத்ததைவிட வேகமாகச் சரிந்தது. விலகுவதற்குள் வலது கால் இடுப்புவரை பனிக்குள் புதைய, வண்டி அதன்மேல் வந்து படுத்துக்கொண்டது. பனி மெத்தென்று இருந்ததால் எலும்பு முறியவில்லை. ஆனால் காலை இம்மியும் அசைக்க ஏலவில்லை. தள்ளிப் பார்த்தேன். தள்ளத் தள்ள வண்டி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. மூடியிலிருந்து பெற்றோல் கசிந்து காற்சட்டையை நனைத்தது. போன் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. வீடியோவில் அந்த மனிதர், இது மிகவும் சுலபமான வேலை, யாரும் செய்யலாம் என்று இன்னமும் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் ஓய்ந்துவிட்டது.

கத்தினேன். பனிக்காட்டில் கத்தினால் சத்தம் வாய்க்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும். தடத்தில் அன்று எவரையும் காணவில்லை. விரல்கள் முதலில் எரிந்தன, பிறகு எரிவதையும் விட்டுவிட்டன. அப்போதும் எனக்குப் பெரிய பயம் வரவில்லை. மனைவி தேடி வருவாள் என்றுதான் நினைத்தேன். அதன்பிறகுதான் ஒன்று உறைத்தது. அவள் வரமாட்டாள். நான் பிந்துவது அவளுக்குப் புதினம் இல்லையே! வழமைபோல வண்டி நின்றிருக்கும், திருத்திக்கொண்டு வருவார் என்று வெங்காயம் வெட்டிக்கொண்டு இருப்பாள். மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்குவதைப் பார்த்தபோது, உண்மையாகவே பயம் வந்தது. முருகா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கீழே பனி அரையும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்மணிதான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, ஏற்றத்தில் சறுக்குக் கட்டைகளோடு வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி, எஞ்சின் நின்றிருக்கிறதா என்பதுதான். வண்டியைத் தூக்குங்கள் என்று நான் கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். வண்டியைத் தொடவே இல்லை. சாமான் பெட்டியின் மூடியை எடுத்து, என் காலுக்குக் கீழே இருந்த பனியைத் தோண்டத் தொடங்கினார். நடுநடுவே நிறுத்தி, வண்டி நகருகிறதா என்று பார்த்தார். நான் அவ்வளவு நேரமும் மேலே தள்ளிப் பார்த்தேனே தவிர, கீழே கிண்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் கால் வெளியே வந்தது. சப்பாத்து உள்ளேயே நின்றுவிட்டது. அவர் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் பாதத்தில் மாட்டினார். தன் கையுறைகளை எனக்குப் போட்டுவிட்டார்.

பிறகு, போன் வேலை செய்கிற இடம்வரை இறங்கிப்போய் மீட்புக் குழுவுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவதாகச் சொன்னார். அவர் வளைவில் மறைந்தபோது, முன்பைவிட அதிகமாகப் பயந்தேன். சொன்னபடியே வந்தார். போர்வையும் தேத்தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்திருந்தார். எனக்குப் பக்கத்தில் சாமான் சறுக்கியில் அமர்ந்தார். நான் இங்கே கிடப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“உங்கள் வண்டி எப்போதும் இந்த வளைவில்தான் நிற்கும். திரும்ப எப்போது கத்தத் தொடங்கும் என்று எரிச்சலோடு ஜன்னலடியில் காத்திருப்பேன். இன்றைக்கு அது கத்தவே இல்லை,” என்றார்.

தேத்தண்ணீரைக் குடித்தேன்.

மீட்புக் குழு புத்தம் புதிய பனிவண்டியில் வந்தது. என்னை ஏற்றிவிட்டு, ஒருவர் பொத்தானை அமர்த்தினார். ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. அந்த நிலையிலும் எனக்குப் பொறாமை வந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

கணுக்கால் சவ்வு கிழிந்திருந்தது. இரண்டு விரல் நுனிகளில் இன்றும் சரியான உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த மனைவி கட்டில் விளிம்பில் இருந்தாள்.

“நீங்கள் பிந்தினனீங்கள். நான் சூப் வைச்சுக்கொண்டு நிண்டனான். எனக்கு ஒரு துளி பயமும் வரேல்லை,” என்றாள். பிறகு, “அதை நினைக்கத்தான் இப்ப பயமாக் கிடக்கு,” என்றாள்.

வண்டியைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். இல்லை. இந்த மாரியிலும் அதுதான் ஓடுகிறது. எஞ்சினைப் புதுப்பித்தோம், இப்போது அந்த வளைவை விட்டு வேறு இடத்தில் நிற்கிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. வழியில் நின்றால் நான் சாவியை எடுத்துக்கொண்டு அப்படியே நடந்துவிடுவேன், தனியாகத் திருத்துவதில்லை. மனைவி கேக் செய்து அந்தப் பெண்மணியிடம் கொண்டுபோனாள். வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு, நேற்று மறுபடியும் தடத்தைக் கிழித்துவிட்டான் உன் கணவன் என்று முறைப்பாடும் சொல்லி அனுப்பினார்.

எங்களுக்குள் சிநேகம் என்று சொல்ல இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எவராவது என்மேல் எரிந்து விழும்போது முன்புபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடிவதில்லை. நான் இல்லாமல் போனால் முதலில் கவனிக்கப்போவது இவராகவும் இருக்கலாம் என்ற நினைப்பில், கொஞ்சம் நின்று, சொல்வதை முழுவதுமாகக் கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.