வெள்ளிக்கிழமை ரோஜாக்

மலேசியாவில் எங்கள் ஊரான பீடோங்குக்கு யார் புதிதாக வந்தாலும் அவர்களை நடக்க வைத்துச் சாப்பிட வைப்பது என் வேலை என்று எங்கள் குடும்பத்தில் ஆகிப்போனது. உட்கார வைத்துச் சோறு போட்டால் விருந்தாளி வீட்டை மட்டும்தான் பார்ப்பார், கடை கடையாகக் கூட்டிக்கொண்டு போனால் ஊரையே பார்த்துவிடுவார் என்பது என் கட்சி. சமைக்கச் சோம்பல்பட்டுத்தான் இப்படிச் செய்கிறேன் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்லிச் சொல்லி அவர் இன்றைக்கும் சிரிப்பார்.

அன்று வந்தவர் ஒரு பெண்ணின் அத்தை. என் தம்பி அரிசி லாரி ஓட்டினான். சுங்கைப்பட்டாணியில் ஒரு சாமான் கடைக்கு மூட்டை இறக்கப் போனவன் அந்தக் கடைப் பெண்ணிடம் மனசையும் இறக்கிவிட்டு வந்தான். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. கடையை நடத்திய அத்தைதான் அவளை வளர்த்தவர். அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள், நாங்கள் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்க்கிற கத்தோலிக்கர்கள். என் அப்பாவும் அம்மாவும் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். “டவுனுக்காரங்ககிட்ட பேச எங்களுக்கு வராது, நீயே பேசி முடிச்சிரு” என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். தம்பி என் வீட்டில்தான் தங்கியிருந்தான். கல்யாணமானால் அந்தப் பெண்ணும் என் அடுப்படிக்குத்தான் வரவேண்டும். அத்தை சரி என்றால் கல்யாணம், இல்லை என்றால் இல்லை. தம்பி அந்த வாரம் முழுக்கச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

ஊரைப் பார்க்க வருகிறேன், வீட்டுக்கு வரமாட்டேன் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது நம் ஆட்களில் எல்லோருக்கும் உள்ளதுதான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். கடையில் சாப்பிட்டால் அந்த வம்பே இல்லை. எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ஊரைச் சுற்றி நடக்க வைத்துச் சாப்பிட வைக்க வேண்டும், அவ்வளவுதானே!

எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் குடையை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பெரிய குங்குமப் பொட்டு, இறுக்கிக் கட்டிய கொண்டை. அத்தை என்று கூப்பிட நாக்கு துடித்தது. உறவு முடியாமல் அப்படிக் கூப்பிட்டால் அதிகப்பிரசங்கித்தனம் என்று, அம்மா என்றே கூப்பிட்டேன்.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை, தெரியுமில்ல?” என்பதுதான் அவருடைய முதல் பேச்சு.

“தெரியும்மா. எங்களுக்கும் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டோம்.”

“உங்களுக்கும் அப்படி உண்டா?” என்றார். முகம் கொஞ்சம் இளகியது. சாதகப் பொருத்தமே பார்த்து முடித்த மாதிரி நான் உள்ளுக்குள் துள்ளினேன்.

முதலில் தமிழர் கடையில் வடையும் தேத்தண்ணியும். “சோம்பு தூக்கல்” என்றார், ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. அங்கிருந்து அஞ்சடியில், அதாவது கடை வரிசைக்கு முன்னால் ஓடும் நிழல் நடைபாதையில், துணிக்கடை, சைக்கிள் கடை என்று பார்த்துக்கொண்டே சீனர் காப்பிக் கடைக்குப் போனோம். வாசலிலேயே அவர் நின்றுவிட்டார். கறி புழங்கும் கடையின் கோப்பையில் குடிக்கமாட்டாராம். கடைக்காரச் சீனருக்கு இதெல்லாம் பழக்கம். தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோய் விற்று வளர்ந்தவர். “அம்மா, வெயிலு ஜாஸ்தி, ஒக்காருங்க. போத்தல்ல குடிங்க, கோப்ப வேணாம்” என்று தமிழிலேயே சொல்லி, ஆரஞ்சுத் தண்ணீர் போத்தலை அவர் கண் முன்னால் உடைத்து உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தார். அத்தை சிறுபிள்ளை மாதிரி அடி வரைக்கும் உறிஞ்சினார்.

அப்போது பார்த்து என் தம்பி மோட்டார் சைக்கிளில் கடையைத் தாண்டிப் போனான். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து வந்தான். மறுபடியும் போனான்.

“யாரும்மா அந்தப் பையன்? பெட்ரோல் சும்மா குடுக்குறாங்களா?”

“அவன்தாம்மா மாப்பிள்ளை.”

“தெரியும். எங்க கடைக்கு வராதவனா? ஒன் வாயால வரட்டும்னு கேட்டேன்” என்றார். சிரித்தாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளித் தொழுகை முடியும் வரை பாசார் என்கிற சந்தைப் பக்கம் மலாய்க்காரர் கடைகள் திறக்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் கலைந்து வந்ததும் மரத்தடியில் ரோஜாக் வண்டி வந்து நின்றது. கறி கலக்காத பண்டம் என்று முந்தின நாளே யோசித்து வைத்திருந்தது இதைத்தான். வெள்ளரி, அன்னாசி, மாங்காய் எல்லாம் துண்டு துண்டாக, மேலே கறுப்பாக ஒரு குழம்பு, இடித்த கடலை. அத்தை ஒரு துண்டைச் சந்தேகமாக வாயில் வைத்தார். பிறகு தட்டை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். அது காலியானதும் இன்னொரு தட்டு கேட்டு வாங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“நல்லா இருக்கே! இந்தக் கறுப்பு எதும்மா? புளிய வெல்லத்தோட காச்சுறாங்களா? எங்க புள்ளைக்குச் செஞ்சு தரணும்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது நான்தான். “இறாலும்மா! நல்ல இறாலா அரைச்சுக் காச்சி எடுக்குறது” என்றேன், பரிசு வாங்கப்போகிறவள் மாதிரி.

தட்டு அப்படியே நின்றது. அவர் அதை வண்டியில் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஆகாதது ஆடும் கோழியும்தான். தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன் குழம்புதான் கொதிக்கும். அதுதான் எங்களுக்கு விரதச் சாப்பாடு. பிறந்தது முதல் அப்படியே பழகியவளுக்கு வேறு மாதிரி யோசிக்கத் தோன்றவில்லை. தம்பியின் கல்யாணத்தை ஒரு தட்டு ரோஜாக்கில் கவிழ்த்துவிட்டேன்.

“எங்களுக்கு மீனு, இறால் எல்லாம் வெள்ளிக்கிழமை சாப்பிடலாம்மா. சத்தியமா எனக்குத் தோணவே இல்ல.”

“மீனு உங்களுக்கு மாமிசமில்லியா?”

“இல்லம்மா.”

“அப்ப கடல்ல என்ன, கத்திரிக்காயா வெளையுது?”

ரோஜாக்காரர் என்ன தவறு நடந்தது என்று புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மரத்தடிப் பலகையில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு எங்க புள்ள வந்தாலும் இப்படித்தான் போடுவியா?”

இனிமேல் போடவே மாட்டேன், தனியாகச் சமைப்பேன், தாங்கு தாங்கென்று தாங்குவேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு அளக்க முடியவில்லை.

“தெரியாம போட்டுருப்பேன்மா. அவ வேணாம்னு சொன்னா நிறுத்தியிருப்பேன்.”

“அவ சொல்லமாட்டா” என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. “பசிச்சாக்கூட வாயத் தொறந்து கேக்காத புள்ள. நீ எத வச்சாலும் தின்னுட்டு, அடுப்படியில தனியா நின்னு அழுவா. எனக்குப் பயம் அது ஒண்ணுதான். சாமி எந்த சாமியா இருந்தா என்ன?”

பக்கத்தில் உட்கார்ந்தேன். அதட்டிக்கொண்டே வந்த அந்த அம்மாவின் மேல் அந்த நிமிஷம் எனக்கு உயிராகிவிட்டது.

“அவ சொல்லமாட்டா, அதனால நான் சொல்றேன், கேட்டுக்க” என்று ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை, அமாவாசை, தைப்பூசத்துக்கு முந்தின நாட்களில் மீனும் கறியும் ஆகாது. புடலங்காய் பிடிக்கும், கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது. காலையில் தேத்தண்ணி குடிக்காவிட்டால் தலைவலி வரும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். “மீன் கொதிச்ச சட்டிய வெளக்கி அதுல சாம்பார் வைக்கிற வேலை வேணாம். தனிச் சட்டி வாங்கு. இப்பவே வாங்கு, நான் பாத்துட்டுப் போறேன்” என்று எழுந்து குடையை விரித்தார். அவர் பின்னால் நாலு எட்டு நடந்த பிறகுதான் இது சம்மதம் என்று எனக்குப் புரிந்தது.

சாமான் கடையில் அலுமினியச் சட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒருத்திக்குத்தானே என்று அளவான சின்னச் சட்டியாக ஒன்றை நான் எடுத்தேன். அவர் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார், விரலால் சுண்டிப் பார்த்தார், என்னை முறைத்தார்.

“இது எப்படிக் காணும்? நாளைக்கு ரெண்டு புள்ளைங்க பொறந்து, அம்மா தட்டுல உள்ளதுதான் எங்களுக்கும் வேணும்னு வந்து நின்னா?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சின்னச் சட்டியை அடுக்கில் வைத்துவிட்டு, அடியில் இருந்த பெரிய சட்டியை இரண்டு கையாலும் இழுத்தேன்.